கூடக் கொடுத்தது ஆபீஸ்! திருப்பிக் கட்டுவது சிப்பாய் வீடா?
வாடகைப்படி பாக்கியைத் தள்ளுபடி செய்ய வழி உண்டு. கையெழுத்துப் போடும் முன் யோசிக்க வேண்டும்

வில்லியனூர்,

பட்டாளத்தில் இருக்கும் மகனிடமிருந்து போன் வந்தால் வீடே சந்தோஷப்படும். ஆனால் சில சமயம் அந்தப் போன் வேறு மாதிரியான சேதியைக் கொண்டு வருகிறது.

"அம்மா, இந்த மாசம் சம்பளம் கொறைச்சலாத்தான் வரும். வீட்டு வாடகைப்படி கூடுதலாப் போட்டுட்டாங்களாம். இப்போ பிடிக்கிறாங்க."

"நாமளா கேட்டோம்? அவங்கதானே போட்டாங்க?"

இது ஒரு தாய் கேட்கும் சாதாரணக் கேள்விதான். ஆனால் இதே கேள்வி 30 ஆண்டுகளுக்கும் மேலாக சுப்ரீம் கோர்ட்டு வரை போய்க்கொண்டே இருக்கிறது. ஆசிரியர், ரயில்வே ஊழியர், ஸ்டெனோகிராபர், ராணுவ டாக்டர் என்று பலரும் இந்த வழக்கோடு படி ஏறி இருக்கிறார்கள். பல பேர் ஜெயித்தும் இருக்கிறார்கள்.

ஆனால் ஜெயிக்க வழி இருக்கிறது என்பது வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் உள்ள எத்தனை ராணுவக் குடும்பங்களுக்குத் தெரியும்? பிடித்தம் என்று கடிதம் வந்தால் "சர்க்கார் பணம், கட்டித்தான் ஆகணும்" என்று தலையை ஆட்டிவிடுவதே இங்கு வழக்கம்.

தப்பு எங்கே நடக்கிறது?

வீட்டு வாடகைப்படி என்பது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி கிடையாது. மத்திய சர்க்கார் ஊர்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. சென்னை போன்ற பெரு நகரங்கள் முதல் வகை. புதுச்சேரி நகரம் இரண்டாம் வகை. மற்ற ஊர்கள் எல்லாம் மூன்றாம் வகை.

7-வது சம்பளக் கமிஷன் சிபாரிசின்படி 2017 ஜூலையில் இந்தப் படி 24, 16, 8 சதவீதம் என்று ஆரம்பித்தது. அகவிலைப்படி ஏற ஏற இதுவும் ஏறியது. 2024 ஜனவரி முதல் 30, 20, 10 சதவீதம் ஆனது. எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் மூன்றாம் வகை ஊருக்குக் கிடைப்பது இரண்டாம் வகை ஊருக்குக் கிடைப்பதில் சரிபாதி!

இங்கேதான் புதுவைக்காரர்களுக்கு ஒரு சங்கடம். யூனியன் பிரதேசத்தின் பெயர் புதுச்சேரி. மாவட்டத்தின் பெயர் புதுச்சேரி. நகரத்தின் பெயரும் புதுச்சேரி! நகர எல்லைத் தொகுப்புக்குள் இருந்தால் ஒரு கணக்கு. அதைத் தாண்டி ஏரிக்கரைக் கிராமத்தில் இருந்தால் வேறு கணக்கு.

ராணுவத்தில் வேலை செய்கிறவரின் குடும்பம் எங்கே தங்கி இருக்கிறது என்பதைப் பார்த்துப் படி போடும் சந்தர்ப்பங்களும் உண்டு. விலாசத்தில் கிராமத்தின் பெயரையும், மாவட்டம் புதுச்சேரி என்றும் எழுதி அனுப்புகிறார்கள். எங்கோ தூரத்தில் உள்ள சம்பளக் கணக்கு ஆபீசில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு பாகூர் எங்கே, புதுச்சேரி கடற்கரை எங்கே என்று தெரியுமா? "புதுச்சேரி" என்ற சொல்லைப் பார்த்து நகரத்து விகிதத்தைப் போட்டுவிட்டால் அன்றே தப்பு ஆரம்பமாகிவிடும்.

ஒரு உதாரணத்துக்கு அடிப்படைச் சம்பளம் 30 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதம் என்றால் 6 ஆயிரம். 10 சதவீதம் என்றால் 3 ஆயிரம். மாதம் 3 ஆயிரம் கூடுதல். இரண்டு வருடம் யாரும் கவனிக்காமல் போனால் 72 ஆயிரம் ரூபாய்!

தப்பு வர வேறு வழிகளும் இருக்கின்றன. ராணுவக் குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகும் படி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மாற்றல் உத்தரவு ஒரு ஆபீசுக்குப் போயிருக்கும். சம்பளக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கணவனோ, மனைவியோ, தகப்பனாரோ சர்க்கார் குவார்ட்டர்சில் இருந்து, அதே வீட்டில் ஊழியரும் தங்கி இருந்தால் படி கிடையாது. இந்த விதி தெரியாமலேயே வாங்கியவர்களும் உண்டு.

(சொந்த வீட்டில் இருந்தால் படி கிடையாது என்று பலர் நினைப்பது சரி அல்ல. சர்க்கார் ஊழியர் சொந்த வீட்டில் குடியிருந்தாலும் விதிப்படி வாடகைப்படி உண்டு.)

ஓய்வு பெறும் நாளில் இடி!

மாதச் சம்பளத்தில் பிடித்தால் கூட ஒருவாறு சமாளிக்கலாம். பெரிய அடி விழுவது ஓய்வு பெறும்போதுதான்.

சிப்பாய், நாயக் பதவிகளில் இருப்பவர்கள் 40 வயதை ஒட்டியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்போதுதான் கணக்கை முழுதாகப் பார்த்து முடிக்கிறார்கள். பழைய பாக்கி ஏதாவது தெரிந்தால் பணிக்கொடையில் கை வைக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு என்றோ, ஓட்டு வீட்டை மெத்தை வீடாக ஆக்க என்றோ, ஒரு கடை போட என்றோ நம்பி இருந்த பணம் அது.

வந்த படியை அந்தந்த மாதமே வாடகைக்கும், மளிகைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் செலவழித்தாகிவிட்டது. பாங்கியில் போட்டு வைத்திருந்தால் எடுத்துக் கொடுக்கலாம். செலவான பணத்தை எங்கிருந்து கொடுப்பது?

சர்க்கார் தரப்பு நியாயம்

சர்க்கார் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது.

கூடுதலாகப் போனது வரி கட்டும் ஜனங்களின் பணம். கொடுத்த அதிகாரிக்கும் அது சொந்தம் அல்ல. வாங்கியவருக்கும் அது சொந்தம் அல்ல. தப்பாகப் போனது திரும்பி வர வேண்டும் என்பதே பொது விதி. உத்தரகாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த சந்தி பிரசாத் உனியால் வழக்கில் 2012 ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு இப்படித்தான் கண்டிப்பாகச் சொன்னது. வாங்கியவர் பொய் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் விட்டுவிட முடியாது. மிகவும் கஷ்டமான நிலை இருந்தால் மட்டுமே விலக்கு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கடைக்காரர் 100 ரூபாய்க்குச் சில்லறை கொடுக்கும்போது தவறி 500 கொடுத்துவிட்டால் நாணயமான மனிதர் திருப்பிக் கொடுக்கத்தானே செய்வார்? சர்க்கார் கேட்பதும் அதுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடையில் கொடுத்த 500 ரூபாயைக் கண்ணால் பார்க்கலாம். சம்பளச் சீட்டில் உள்ள படி சரியா, தப்பா என்று கண்டுபிடிப்பது கணக்கு ஆபீஸ்காரர்களுக்கே சில சமயம் பல வருடம் ஆகிறதே! எல்லையில் காவல் நிற்கும் சிப்பாய்க்கு அது எப்படித் தெரியும்?

ராணுவ டாக்டர்கள் போட்ட வழக்கு

இந்த வித்தியாசத்தை சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது ஒரு ராணுவ வழக்கில்தான். கர்னல் பி.ஜே.அக்கரா வழக்கு என்று அதற்குப் பெயர். ஓய்வு பெற்ற ராணுவ டாக்டர்கள் தொடர்ந்த வழக்கு அது.

தனியாகத் தொழில் செய்யாமல் இருப்பதற்காக டாக்டர்களுக்குக் கொடுக்கும் படியைப் பென்ஷன் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதில் சர்க்கார் சுற்றறிக்கைக்குத் தப்பான அர்த்தம் செய்து, கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். 2001-ல் விளக்கம் வந்தது. பிறகு பிடித்தம் பேச்சு வந்தது.

2006 அக்டோபர் மாதம் தீர்ப்பு. பென்ஷன் கணக்கில் டாக்டர்கள் தோற்றார்கள். ஆனால் ஏற்கனவே கொடுத்த கூடுதல் பணத்தைத் திரும்ப வாங்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது!

அதற்குச் சொன்ன காரணம்தான் முக்கியம். கீழ்ப் பதவியில் இருக்கும் ஊழியர் வாங்கும் சம்பளத்தைக் குடும்பச் செலவுக்கே பயன்படுத்துகிறார். நமக்கு உரிய பணம் என்று நம்பித்தான் செலவு செய்கிறார். பல வருடம் கழித்து அதைக் கேட்டால் அவருக்குத் தாங்க முடியாத கஷ்டம் வரும். இது சட்டப்படி உரிமை அல்ல. நியாயத்தைப் பார்த்துக் கோர்ட்டு காட்டும் சலுகை.

அதே தீர்ப்பில் எச்சரிக்கையும் உண்டு. கூடுதலாக வருகிறது என்று தெரிந்தே வாங்கி இருந்தால் சலுகை கிடையாது. தப்பைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாலும் கிடையாது.

வெள்ளையடிப்பவர் பெயரில் ஒரு தீர்ப்பு

எட்டு வருடம் கழித்து, 2014 டிசம்பர் 18-ந் தேதி இன்னும் தெளிவான தீர்ப்பு வந்தது. பஞ்சாப் மாநில வழக்கு. ரபீக் மாசி என்பவர் பெயரில் உள்ளது. அவர் செய்த வேலை சுவருக்கு வெள்ளையடிப்பது. வழக்கின் தலைப்பிலேயே "வெள்ளையடிப்பவர்" என்று போட்டிருக்கிறது! இன்று நாடு முழுவதும் பிடித்தம் சம்பந்தமான வழக்குகளில் வக்கீல்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஐந்து சந்தர்ப்பங்களில் பிடித்தம் செய்யக் கூடாது என்று கோர்ட்டு வரிசைப்படுத்தியது:

1. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்கள்.

2. ஓய்வு பெற்றவர்கள், அல்லது ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள்.

3. பிடித்தம் செய்ய உத்தரவு போடுவதற்கு முன்பு 5 வருடத்துக்கு மேல் கூடுதல் பணம் கொடுத்து வந்திருந்தால்.

4. உயர்ந்த பதவியின் வேலையைத் தவறாக வாங்கிக்கொண்டு, அதற்கு உரிய சம்பளம் கொடுத்திருந்தால்.

5. சர்க்காரின் உரிமையைவிட ஊழியரின் கஷ்டம் பெரிது, பிடித்தம் கொடுமையாக இருக்கும் என்று கோர்ட்டு கருதும் மற்ற சந்தர்ப்பங்கள்.

இந்த நிலைகள் சிவில் ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டவை. ஆனாலும் சிப்பாய், நாயக், ஹவில்தார்களும் கீழ்ப் பதவிக்காரர்கள்தானே என்று வாதாட இடம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர் என்றால் வாதம் இன்னும் பலமாகிறது.

அதற்குப் பிறகும் தீர்ப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 1999-ல் ஓய்வு பெற்ற கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கில் 2022 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. ஒடிசா கோர்ட்டு ஸ்டெனோகிராபர்கள் வழக்கில், ஓய்வுக்குப் பிறகு வந்த பிடித்த உத்தரவை 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

பிடித்தம் செய்யும் முன் ஊழியரைக் கேட்க வேண்டும் என்பதும் பழைய விதி. பகவான் சுக்லா என்ற ரயில்வே ஊழியரின் சம்பளத்தை அவரைக் கேட்காமலே முன்தேதியிட்டுக் குறைத்தார்கள். அது செல்லாது என்று 1994-லேயே தீர்ப்பு ஆகிவிட்டது.

ஒரு கையெழுத்தில் போனது!

இவ்வளவும் சாதகமாக இருக்கும்போது ஏன் சிலர் தோற்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு கையெழுத்தால்!

சம்பளம் மாற்றி அமைக்கும்போது ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். "கூடுதலாக வந்திருப்பது பின்னால் தெரிந்தால் திருப்பிக் கட்டுகிறேன்" என்று அதில் இருக்கும். எல்லாரும் போடுகிறார்களே என்று இவரும் போட்டுவிடுவார்.

அரியானாவில் ஒரு நீதித்துறை அதிகாரி அப்படி எழுதிக் கொடுத்திருந்தார். பின்னால் ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் சொச்சம் கூடுதல் என்று தெரிய வந்தது. எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று 2016 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இரண்டு வருடத் தவணையில் கட்டலாம் என்பதுதான் கிடைத்த ஒரே சலுகை.

பிடித்தக் கடிதத்தோடு "சம்மதம்" என்று ஒரு பாரம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

டெல்லி போகும் பைல்

கோர்ட்டு சொன்ன ஐந்து சந்தர்ப்பங்களையும் மத்திய சர்க்கார் தனது சிவில் இலாகாக்களுக்கு 2016 மார்ச் 2-ந் தேதி உத்தரவாகவே அனுப்பி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு முடிச்சு. தள்ளுபடி செய்வதற்கு நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை சம்மதிக்க வேண்டும்!

உள்ளூர் அதிகாரி மனம் இரங்கினாலும் அவராகத் தள்ளுபடி செய்துவிட முடியாது. பைல் டெல்லிக்குப் போக வேண்டும். பிடித்தம் செய்யவோ அந்தச் சுற்றுவழி கிடையாது. சம்பளக் கணக்கில் ஒரு வரி மாற்றினால் அடுத்த மாதமே பணம் குறைந்துவிடும்.

பிடிப்பதற்கு ஒரு நிமிஷம், மன்னிப்பதற்கு வருடக் கணக்கு! இதுதான் இன்றைய நிலை.

பிரான்சிலும் இதே கதை

இது டெல்லி சர்க்காருக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. புதுவைக்காரர்களுக்குப் பழக்கமான இன்னொரு ராணுவத்திலும் நடந்திருக்கிறது.

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கொம்யூன்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறியது. ஆனால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த "சொல்தா" குடும்பங்களுக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவு விட்டுப்போகவில்லை. அங்கிருந்து பென்ஷன் வாங்குகிற வீடுகள் புதுவையில் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த பிரெஞ்சு ராணுவத்தில் 2011-ல் "லூவுவா" என்ற புதிய கம்ப்யூட்டர் சம்பளத் திட்டம் வந்தது. வந்ததும் பெருங்குழப்பம்! சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்கு அளவுக்கு மேல் வந்தது. கூடுதலாக வாங்கியவர்களிடம் பின்னால் திருப்பிக் கேட்டார்கள். சிப்பாய்களின் மனைவிமார் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார்கள். கடைசியில் 2013 டிசம்பரில் ராணுவ மந்திரி லு திரியான் அந்தத் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தார்.

ஆனால் பிரான்சில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. சர்க்கார் ஊழியருக்குச் சம்பளம் கூடுதலாகப் போய்விட்டால் பொதுவாக இரண்டு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும். தாண்டினால் கேட்க முடியாது. ஊழியர் பொய்த் தகவல் கொடுத்திருந்தால் அந்தச் சலுகை இல்லை.

அமெரிக்காவில் வேறு வழி. அங்கும் வீட்டு வாடகைப்படி கூடுதலாகப் போவது உண்டு. தள்ளுபடி கேட்க டிடி 2789 என்று ஒரு பாரமே வைத்திருக்கிறார்கள். வாங்கியவர் பக்கம் மோசடியும் குற்றமும் இல்லை, பணத்தைப் பிடிப்பது நியாயத்துக்கு விரோதம் என்று தெரிந்தால் தள்ளுபடி. அங்கேயும் கொடுமை நடக்காமல் இல்லை. கலிபோர்னியாவில் போருக்குப் போன தேசியக் காவல் படையினர் சுமார் 10 ஆயிரம் பேரிடம், கொடுத்த போனசைத் திருப்பிக் கேட்டார்கள். ஊரே கொதித்தது. 2016 அக்டோபரில் ராணுவ மந்திரி ஆஷ் கார்ட்டர் வசூலை நிறுத்தச் சொன்னார்.

பிரான்சில் கெடு இருக்கிறது. அமெரிக்காவில் பாரம் இருக்கிறது. இங்கேயோ மனு, மேல்மனு, கோர்ட்டு என்றுதான் பெரும்பாலும் வழி போகிறது.

கடிதம் வந்தால் என்ன செய்வது?

பயந்து உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். அதே சமயம் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியும் வைக்கக் கூடாது.

முதலில் மாதவாரியாகக் கணக்குக் கேட்க வேண்டும். எந்த மாதம், எந்த விகிதம், எவ்வளவு கூடுதல், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் வாங்க வேண்டும். பிடித்தத் தொகையே தப்பாக இருக்கலாம்!

இரண்டாவது, விலாசம், குவார்ட்டர்ஸ், மாற்றல் விவரங்களை ஊழியர் சரியாகக் கொடுத்திருந்தார் என்பதற்கான காகிதங்களைத் தேடி எடுக்க வேண்டும். "மறைக்கவில்லை" என்பதே வழக்கின் உயிர்நாடி. கிராமத்து விலாசத்தைச் சரியாக எழுதிக் கொடுத்தும் ஆபீஸ் நகரத்து விகிதம் போட்டிருந்தால் பலம் ஊழியர் பக்கம்.

மூன்றாவது, தீர்ப்புகளைக் குறிப்பிட்டு மனு கொடுக்க வேண்டும். பிடித்தத்தை நிறுத்தி வைக்கும்படியும், முடியாவிட்டால் சிறு தவணையாக ஆக்கும்படியும் அதிலேயே கேட்கலாம். மாஜி ராணுவத்தினர் நலத்துறை ஆபீசில் மனு எழுத யோசனை கேட்கலாம்.

மனு பலிக்காவிட்டால் ராணுவத்தினருக்கு ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் பெஞ்சு சென்னையில் உள்ளது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். சிவில் ஊழியர் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை பெஞ்சு. அங்கே ஒரு வருடக் கெடு. கெடு தாண்டினால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

தெரிந்தே வாங்கியவர்களுக்கு இந்த வழி எதுவும் உதவாது. குவார்ட்டர்சில் இருந்துகொண்டு வெளியில் இருப்பதாக எழுதிக் கொடுத்தவர் பணத்தையும் கட்ட வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையையும் சந்திக்க வேண்டும். சம்பளச் சீட்டில் படி திடீரென்று உயர்ந்தால் உடனே எழுதிக் கேட்பதே புத்திசாலித்தனம். அந்த ஒரு கடிதமே பின்னால் நல்ல சாட்சி ஆகும்.

டெல்லி கவனிக்குமா?

பல லட்சம் ரூபாய்க்கு வழக்காடும் அதிகாரிக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கும். 72 ஆயிரம் ரூபாய் பாக்கிக்காக வயற்காட்டு வேலையை விட்டுவிட்டு சென்னைக்கு பஸ் ஏறி, வக்கீலைப் பிடித்து, வாய்தாவுக்கு வாய்தா அலைய எத்தனை சிப்பாய் வீடுகளால் முடியும்? கோர்ட்டு யாருக்காக இரக்கப்பட்டதோ, அந்தக் கீழ்ப் பதவிக்காரர்தான் கோர்ட்டு வாசலுக்கே போக முடியாதவர்.

தீர்ப்பு வந்தும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டும் என்றால் அந்தத் தீர்ப்பால் என்ன பிரயோஜனம்? கூடுதல் பணம் கேட்பதற்கு ஒரு கெடு, தள்ளுபடி கேட்பதற்கு தமிழிலும் அச்சடித்த ஒரு பாரம், மனு முடிவாகும் வரை பிடித்தம் கிடையாது என்ற உத்தரவு, இந்த மூன்றும் வந்தால் பாதி வழக்குகள் கோர்ட்டுக்கே போகாது.

தப்புச் செய்தது ஆபீஸ் என்று ஆபீசே ஒப்புக்கொள்ளும்போது, மன்னிப்பு கேட்டு மனு எழுத வேண்டியவர் சிப்பாயாக இருப்பது என்ன நியாயம்? டெல்லி கவனிக்குமா?